மூன்று புள்ளியில் விழுந்தவன்

நூலகர் என்றால் எல்லாம் தெரிந்தவர் என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. அதை இத்தனை வருடமாக அதிகம் வாய் திறக்காமலே காப்பாற்றி வந்தேன். கிளை நூலகத்துக்கு ஃபேஸ்புக் பக்கம் வேண்டும், வாட்ஸ்அப் குரூப் வேண்டும், முடிந்தால் ரீல்ஸும் போடலாம் என்று மேலிடத்திலிருந்து மெசேஜ் வந்தது. அந்த மெசேஜையே ரொம்ப நாள் நான் திறந்து பார்க்கவில்லை.

நான் சி.எல்.ஐ.எஸ். படித்த பழைய ஆள். சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையை உருப்போட்டவன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் 31 என்றால் தமிழ், பின்னால் ஒரு கமா போட்டு 3 என்றால் நாவல் என்பேன். கோலனில் இருப்பது இரண்டு புள்ளி. என்னைக் கவிழ்த்தது செல்போனில் இருக்கும் மூன்று புள்ளி.

எனக்கு வாத்தியார், குரூப் 4 தேர்வுக்குப் படிக்க வரும் ஒரு பெண். "சார், அந்த மூணு புள்ளியத் தொடுங்க" என்றாள். "எங்கம்மா இருக்கு?" "மேல சார்." நிமிர்ந்து பார்த்தேன். சீலிங் ஃபேன்தான் இருந்தது.

ஃபேஸ்புக்கில் ஹேஷ்டேக் போட்டால் உலகமே தேடி வரும் என்று சொல்லிக் கொடுத்தாள். 'கிளை நூலகம்' என்று போட்டேன். நடுவில் இடம் விடக்கூடாதாம். 'கிளை' மட்டும் நீல நிறமாகி, 'நூலகம்' கறுப்பாகவே நின்றுவிட்டது. அந்த நீலத்தைத் தொட்டுப் பார்த்தேன். எல்லாக் கட்சிகளின் கிளைக் கூட்டங்களும் வரிசையாக வந்தன, சால்வையோடு. என் புத்தக அலமாரி அவற்றுக்கு நடுவில் வேட்பாளர் கிடைக்காத கட்சி மாதிரி நின்றது. லைக் போட்டிருந்தவர் ஒருவர், என் மைத்துனர். அவர் எல்லாவற்றுக்கும் போடுவார்.

வாட்ஸ்அப் குரூப்புக்கு வாசகர் வட்டம் என்று பெயர் வைத்தேன். புதிய நூல்களைப் பற்றிப் பேசுவார்கள் என்று நினைத்தேன். காலையில் ரோஜாப்பூ, பத்து மணிக்குத் தங்கம் விலை, மாலையில் டிடிசிபி அப்ரூவ்டு மனை. அட்மின் மட்டும் மெசேஜ் போடும்படி பூட்டி வைக்க ஒரு செட்டிங் உண்டாம். அது எனக்குத் தெரிந்தபோது நானே ஒரு மனைக்கு விலை விசாரித்திருந்தேன்.

இனி வருவதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். ஊருக்கு ஏற்கெனவே தெரியும்.

தவணை கடந்தும் புத்தகம் திருப்பாதவர்களின் பட்டியல் ஒன்றை, ஒவ்வொருவராகப் போனில் கூப்பிடலாம் என்று, எனக்காகத் தட்டச்சு செய்து வைத்திருந்தேன். பெயர், புத்தகம், தேதி எல்லாம் சுத்தமாக. அது குரூப்பில் போய் விழுந்துவிட்டது. முதல் பெயர் வாசகர் வட்டத் தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். புத்தகம், பொன்னியின் செல்வன் மூன்றாம் பாகம். மொத்தம் ஐந்து பாகம் கொண்ட நாவலில் எங்கள் ஊரே ஏன் இரண்டாம் பாகத்தோடு நிற்கிறது என்ற மர்மம் அன்று உடைந்தது.

பதறிப்போய் மெசேஜை அழுத்திப் பிடித்தேன். குப்பைத்தொட்டி வந்தது. அதைத் தொட்டால் இரண்டு வழி காட்டியது: 'டெலிட் ஃபார் எவ்ரிஒன்', 'டெலிட் ஃபார் மீ'. அடுத்தவர் போனில் நாம் எதற்குக் கை வைப்பது? அது மரியாதையில்லை என்று 'ஃபார் மீ'யைத் தொட்டேன். பட்டியல் மறைந்தது. 'அன்டூ' என்று ஒன்று சில விநாடி கீழே தலைகாட்டுமாம். அப்போது நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். நிம்மதியாக டீ குடிக்கப் போனால், அங்கே பெஞ்சில் உட்கார்ந்து அதைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் இவ்வளவு கவனமாக எதையும் வாசித்து நான் பார்த்ததில்லை.

பட்டியலில் இருந்த மற்றவர்கள் புத்தகத்தோடு ஓடி வந்தார்கள். ஒருவர் பயத்தில் பக்கத்து ஊர் நூலகத்தின் புத்தகத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். தலைவர் ஐயா மட்டும் குரூப்பை விட்டு வெளியேறினார். மூன்றாம் பாகத்தோடு.

பிறகுதான் ஆறுதலாக ஒன்று படித்தேன். 2006-இல் அமெரிக்காவில், வட கரோலினாவின் சார்லட் நகரப் பொது நூலகத்தில் ஹெலீன் பிளவர்ஸ் என்பவர் சக ஊழியர்களுக்காக '23 விஷயங்கள்' என்று ஒரு பயிற்சி தொடங்கினாராம். வலைப்பூ, ஃபிளிக்கர், விக்கி என்று ஒவ்வொன்றாகத் தாங்களே நோண்டிப் பார்த்துக் கற்க வேண்டும். மற்ற நாட்டு நூலகங்களும் அதை எடுத்துக்கொண்டன. ஆக, முழிப்பதில் நான் தனியாள் இல்லை. ஒரே வித்தியாசம், அங்கே முடித்தவர்களுக்கு எம்.பி.3 பிளேயர் கொடுத்தார்கள். எனக்கு ஒரு சமோசா; அதையும் நானே வாங்கி அந்தப் பெண்ணோடு பாதியாகப் பிட்டுக்கொண்டது.

அந்தத் தெம்பில், ரங்கநாதன் பிறந்தநாளான ஆகஸ்ட் 12 அன்று ஃபேஸ்புக் லைவ் போனேன். அதைத்தான் தேசிய நூலகர் தினமாகக் கொண்டாடுகிறோம். 1931-இல் வந்த அவருடைய நூலக ஐந்து விதிகளைப் பற்றிப் பேச்சு. குறிப்பைப் பார்த்துப் படிக்க வசதியாகப் போனை மேஜையில் மல்லாக்க வைத்துவிட்டேன். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்ற நான்காம் விதியை நான் உருக்கமாக விளக்கிய நேரமெல்லாம் திரையில் ஃபேன் சுற்றியிருக்கிறது.

ஆனால் அதற்குத்தான் அதிகம் பேர் வந்திருந்தார்கள். கடைசியில் கமெண்ட்டைப் பார்த்தேன். "சார், அங்க கரண்ட் இருக்கா? இதோ வர்றேன்." மத்தியானம் ஒரு நாற்காலி காலியில்லை. ஐந்து விதிகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

நீங்களும் எங்கள் பக்கத்தை ஃபாலோ செய்யுங்கள். 'கிளை' என்று தேடி, சால்வைகளைத் தாண்டிக் கொஞ்ச தூரம் கீழே வந்தால் நாங்கள் இருப்போம். அகப்படாவிட்டால் நேரிலேயே வாருங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், விடுமுறை.