சுட்டுவிரல் விண்ணப்பம்

பெறுநர்:
தலைவர் மற்றும் வாரிய உறுப்பினர்கள்,
பெருநகரப் போக்குவரத்து ஆணையம் (எம்.டி.ஏ.),
2 பிராட்வே, நியூயார்க்.

பொருள்: சப்வே கண்டக்டருக்கு விதித்த சுட்டுவிரல் விதியைத் தலைமையகத்துக்கும் நீட்டிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

குயின்ஸில் உறங்கி மன்ஹாட்டனில் உழைக்கும் பெருங்கூட்டத்தில் ஒருவன் எழுதிக்கொள்வது. இந்தக் கடிதம் தாமதமாக வந்து சேர்ந்தால், முன்னால் கடித நெரிசல் என்று எடுத்துக்கொண்டு பொறுமை காக்கவும். உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.

புகாருக்கு முன்னால் பாராட்டைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் மனு எழுதிப் பழகிய முறை அது. உங்கள் நிறுவனத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு விரல்.

உங்கள் ரயில்களில் பொதுவாக இரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள். ஓட்டுநர் முன்னால் இருக்கிறார். கண்டக்டர் ரயிலின் நடுப்பகுதியில் ஒரு சின்ன அறைக்குள் அடைந்து கிடக்கிறார். ரயில் நின்றதும் சன்னலைத் திறக்கிறார். அவருக்கு நேர் எதிரே, பிளாட்பாரத்தின் நடுவில், கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட பலகை ஒன்று தொங்குகிறது. அதை அவர் விரல் நீட்டிச் சுட்ட வேண்டும். சுட்டிய பிறகுதான் கதவைத் திறக்கலாம். பலகை நேரே இல்லையென்றால் ஏதோ ஒரு பெட்டி இன்னும் சுரங்கத்துக்குள் இருக்கிறது. அங்கே கதவு திறந்தால் இறங்குகிறவர் கால் வைக்கத் தரை இருக்காது. கண் பார்த்தது போதாது, கையும் சாட்சி சொல்லட்டும் என்பது ஜப்பானிய ரயில்வேக்காரர்கள் கண்ட முறை. நீங்கள் அதை 1996இல் எடுத்துக்கொண்டீர்கள்.

கல்யாண மண்டபத்து வாசலில் பட்டப்பகலில் அருந்ததி காட்டுவார்களே, அந்தக் காட்சிதான் எனக்கு ஒவ்வொரு நிலையத்திலும் நினைவுக்கு வரும். அருந்ததி யார் கண்ணுக்கும் தெரியாது, எல்லோரும் தலையாட்டுவார்கள். உங்கள் பலகை எல்லோர் கண்ணுக்கும் தெரியும், ஒருவரும் பார்ப்பதில்லை. 2013இல் இரண்டு பேர் மட்டும் பார்த்தார்கள். பலகைக்கு நேர் கீழே அட்டை பிடித்துக்கொண்டு நின்றார்கள். பேரழகராக இருந்தால் இங்கே சுட்டவும் என்கிற தொனியில் அட்டைகளில் எழுதியிருந்தது. விதி விதிதானே? கண்டக்டர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள், சுட்டினார்கள், சிரித்தார்கள். அந்தக் காணொளியைப் பார்க்காதவர் உங்கள் வாரியத்தில் யாராவது இருந்தால் அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாக அதையே வைத்துக்கொள்ளலாம். மற்றப் பொருள்களைக் காட்டிலும் அது சீக்கிரம் முடியும்.

விரல் நீட்டுவதோடு கண்டக்டரின் வேலை முடிவதில்லை. ரயில் கிளம்பும்போது தலையை வெளியே நீட்டிப் பிளாட்பாரத்தைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். யாருடைய பையாவது, கையாவது கதவில் சிக்கியிருக்கலாம். அப்படி நீட்டிய தலையில் துப்புகிறவர்கள் உண்டு, அடிக்கிறவர்கள் உண்டு. 2024 பிப்ரவரி கடைசியில் புரூக்ளின் ராக்கவே அவென்யூ நிலையத்தில் ஒரு கண்டக்டரின் கழுத்தை யாரோ கிழித்துவிட்டுப் போனார்கள். இந்த இடத்தில் பகடிக்கு ஒன்றுமில்லை. ஒரே ஒரு கணக்கை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: 472 நிலையங்கள், இரவு பகல் ஓயாத ஓட்டம், இத்தனை பெரிய நிறுவனத்தில் தான் நிற்க வேண்டிய இடத்தில்தான் நிற்கிறேன் என்று நாள் முழுக்கக் கை நீட்டி நிரூபிக்க வேண்டியவர் அந்த மனிதர் மட்டும்தான். அவரும் வேண்டாம், ஓட்டுநரே கதவையும் பார்த்துக்கொள்ளட்டும் என்ற யோசனை வேறு அவ்வப்போது கிளம்புகிறது.

உங்கள் தலைமையகத்துக்கும் விரல் இருக்கிறது. பலகையின் பக்கம் அது திரும்பிப் பார்த்ததில்லை. எங்கள் பக்கமே நீண்டிருக்கிறது.

ஒலிபெருக்கியைக் கேளுங்கள். கதவைப் பிடித்து நிறுத்தாதீர்கள், ரயில் தாமதமாகும். உடம்பு சரியில்லையென்றால் அவசரக் கயிற்றை இழுக்காதீர்கள், அடுத்த நிலையத்தில் இறங்குங்கள். பயணி ஒருவருக்கு உடல்நலக்குறைவு, அதனால் நிற்கிறோம். எல்லாம் நியாயமான அறிவிப்புகள். மயங்கி விழுந்தவரை அப்படியே கொண்டுபோங்கள் என்று எந்தப் பயணியும் சொல்ல மாட்டான். ஆனால் சில ஆண்டுகள் முன்புவரை உங்கள் தாமதக் கணக்கில் பெரும்பங்கைத் தூக்கிச் சுமந்த காரணம் எது? கூட்டம். அதாவது நாங்கள். ரயிலில் ஆள் ஏறுகிறார்கள், அதனால் ரயில் ஓடவில்லை. சோறு தீர்ந்துபோனதற்குப் பந்தியில் உட்கார்ந்தவர்களைக் குறை சொல்கிற சமையல்காரரைக்கூட மன்னிக்கலாம், அவர் அதை அச்சடித்து வெளியிடுவதில்லை. வேறு காரணம் பிடிபடாத தாமதங்களும் அந்தத் தலைப்பில் போய் விழுந்தன என்று பத்திரிகைகள் தோண்டி எழுதின. அதற்குப் பிறகு அந்தத் தலைப்பு ஓசைப்படாமல் கணக்கிலிருந்து இறங்கிக்கொண்டது. எந்த நிலையத்தில் இறங்கியது என்று யாரும் அறிவிக்கவில்லை.

நாங்கள் மிகவும் ரசிப்பது இன்னொன்று: "முன்னால் ரயில் நெரிசல் காரணமாகத் தாமதம்." முன்னால் நிற்பது யாருடைய ரயில்? பக்கத்து மாநிலத்துக்காரன் குறுக்கே கொண்டுவந்து விட்டானா?

அதற்கும் ஒரு கதை இருக்கிறது, உங்களுக்கே தெரிந்த கதை. 1995இல் வில்லியம்ஸ்பர்க் பாலத்தில் நின்றுகொண்டிருந்த ரயிலின் பின்னால் இன்னொன்று மோதி ஓட்டுநர் இறந்தார். அதன் பிறகு வேகத்தைக் கட்டுப்படுத்தும் நேரக் கணிப்புச் சிக்னல்களை வழியெங்கும் கூட்டினீர்கள். குறித்த நேரத்துக்கு முன்னால் ரயில் வந்துவிட்டால் தண்டவாளத்தை ஒட்டி நிமிர்ந்து நிற்கும் இரும்புக் கை பிரேக்கைத் தட்டிவிடும், ரயில் அங்கேயே நின்றுவிடும். நல்ல ஏற்பாடுதான். காலப்போக்கில் அந்தச் சிக்னல்களில் பலவற்றின் கணிப்புக் கெட்டுப்போனது. பலகையில் போட்டிருந்த வேகத்தில் போனாலும் கை எழுந்து நின்றது. மாட்டிக்கொண்ட ஓட்டுநருக்கு விசாரணை, தண்டனை. அவர் என்ன செய்வார்? பிள்ளைகுட்டிக்காரர். 20 மைல் என்று எழுதியிருந்த இடத்தில் அதற்கும் கீழே ஊர்ந்தார். அவருக்குப் பின்னால் வந்தவர் இன்னும் மெதுவாக ஊர்ந்தார். அவருக்கும் பின்னால் வந்த வண்டியில் எங்களுக்கு நெரிசல் அறிவிப்பு ஓடியது. 2018இல் சப்வேக்குப் பொறுப்பேற்ற ஆண்டி பைஃபோர்டு ஆட்களை அனுப்பிச் சோதித்தபோது நூற்றுக்கணக்கான சிக்னல்கள் பிசகியிருந்தது தெரியவந்தது. திருத்தினார், வேக வரம்பையும் பல இடங்களில் உயர்த்தினார். பயணிகள் அவருக்குச் செல்லப்பெயர் வைத்துக் கொண்டாடினார்கள். 2020 தொடக்கத்தில் அவர் போய்விட்டார். மெதுவாகப் போவதில் பழகிய நிறுவனம், இதில் மட்டும் தாமதமே இல்லை.

கெட்டுப்போகாத சிக்னல்களும் இளமையானவை என்று சொல்வதற்கில்லை. 1930களின் கருவிகளையும் துணி சுற்றிய கம்பிகளையும் வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிக்கிறோம் பாருங்கள் என்று 2015இல் நீங்களே காணொளி வெளியிட்டீர்கள். கணினி வழிச் சிக்னல் எல் தடத்துக்கு வந்தது, 2018இல் 7ஆம் தடத்துக்கு வந்தது, மற்றவற்றில் பெரும்பாலானவை வரிசையில் நிற்கின்றன. முன்னால் நெரிசல் போலும்.

2017ஐ எடுத்துக்கொள்வோம். அந்த ஜூனில் 125ஆம் தெரு அருகே ஏ ரயில் தடம் புரண்டு முப்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். மாற்றுவதற்காகக் கொண்டுவந்த தண்டவாளத் துண்டு ஒன்றைச் சரியாகப் பிணைக்காமல் பாதையிலேயே போட்டு வைத்திருந்ததுதான் காரணம் என்று கண்டறிந்தீர்கள். இதில் பயணிகளின் கூட்டம் எதுவும் சம்பந்தப்படவில்லை. இரண்டொரு நாளில் ஆளுநர் சப்வேக்கு அவசரநிலை அறிவித்தார். அந்த அவசரநிலையை மாதாமாதம் புதுப்பித்து ஆண்டுக்கணக்கில் இழுத்தார்கள். அவசரமும் உங்கள் தடத்தில்தான் ஓடியது.

அதற்குச் சற்று முன், மே கடைசியில், பட்டமளிப்பு விழாவுக்குப் புறப்பட்ட செவிலியர் படிப்பு மாணவர் ஒருவர் இ ரயிலில் மாட்டிக்கொண்டார். அங்கியும் தொப்பியுமாக நின்றவருக்கு விழா கைநழுவிப் போனது. பெட்டியில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள்? பாட்டுப் போட்டார்கள், கைதட்டினார்கள், நண்பர் ஒருவர் பட்டச் சான்றிதழின் படத்தைக் கைபேசியில் வைத்து முறைப்படி வழங்கினார். முன்பின் தெரியாதவர்கள் ஆணையத்தின் பாக்கியை அங்கேயே தீர்த்து வைத்தார்கள். இந்த மக்களுக்குத்தான் நீங்கள் மரியாதை கற்றுக்கொடுக்கச் சுவரொட்டி ஒட்டினீர்கள்.

2014 டிசம்பரில் அறிவித்து 2015இல் பெட்டி பெட்டியாக ஒட்டிய அந்தச் சுவரொட்டிகள் அழகானவை, மறுக்கவில்லை. சிவப்பு மனிதன் தப்பு செய்வான், பச்சை மனிதன் சரியாக நடப்பான். ஆண்கள் காலை அகட்டி உட்காராதீர்கள். முதுகுப்பையைக் கழற்றுங்கள். நகம் வெட்டாதீர்கள். இறங்குகிறவர்களுக்கு வழிவிடுங்கள். ஒவ்வொன்றையும் வழிமொழிகிறேன். இரண்டு பேர் இடத்தில் ஒரு தொடை பரவிக் கிடப்பதைப் பார்க்கும்போது எனக்கும் ரத்தம் கொதிக்கிறது. அதற்கு உங்கள் சட்டத்தில் அபராதமும் இருக்கிறது. தவிர, நாங்கள் விதிக்கு அடங்குகிறவர்கள். விலங்குகளைப் பைக்குள்ளோ பெட்டிக்குள்ளோ வைத்துத்தான் கொண்டுவரலாம் என்றீர்கள். கன்றுக்குட்டி அளவு நாயைக் கடைப் பையில் நிறுத்தி, நான்கு கால்களுக்கும் ஓட்டை போட்டு நடத்திக் கூட்டிவருகிறோம். இதைவிடக் கீழ்ப்படிதல் வேண்டுமா?

ஆனால் இருக்கையில் பரவி உட்காராதே என்ற அதே ஆணையம் 2017இல், சில பெட்டிகளில் இருக்கைகளையே கழற்றி நிற்க இடம் பண்ணலாம் என்று திட்டம் போட்டது. இருக்கை இல்லாத இடத்தில் யார் காலை அகட்ட முடியும்? பிரச்சினை வேரோடு தீர்ந்தது. புதுப்பித்த நிலையங்கள் சிலவற்றில் பெஞ்சுக்குப் பதில் சாய்மானக் கம்பி வந்தது. உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் ஒரு மாதிரித் தொங்கலாம். 2021 பிப்ரவரியில், பெஞ்சுகள் எங்கே என்று ஒரு பயணி ட்விட்டரில் கேட்டதற்கு, வீடற்றவர்கள் படுக்கக்கூடாது என்பதால் எடுத்துவிட்டோம் என்று உங்கள் கணக்கிலிருந்தே பதில் வந்தது. பிறகு அதை அழித்துவிட்டு மன்னிப்புக் கேட்டீர்கள். உங்களிடமிருந்து வந்த ஒளிவுமறைவற்ற ஒரே காரணம் அது. அதற்குத்தான் மன்னிப்பும் கேட்கப்பட்டது.

காரணம் சொல்வதில் உங்களுக்கு உள்ள இந்தச் சிரமத்துக்கு மருந்து உங்கள் ரயிலிலேயே கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. 1970களில் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டான்லி மில்கிராம் தம் மாணவர்களைச் சப்வேயில் ஏற்றி அனுப்பினார். உட்கார்ந்திருப்பவரிடம் போய், மன்னிக்கவும், உங்கள் இருக்கையைத் தருகிறீர்களா என்று கேட்க வேண்டும். காரணம் சொல்லக்கூடாது. ஒருவரும் தரமாட்டார்கள், உதைதான் விழும் என்று ஊரே நினைத்தது. 100க்கு 68 பேர் எழுந்தார்கள், அல்லது நகர்ந்து இடம் விட்டார்கள். கொடுத்தவர்களுக்கு ஒன்றுமில்லை, கேட்டவர்களுக்குத்தான் நாக்கு ஒட்டிக்கொண்டது. மில்கிராமே ஒருமுறை கேட்டுப் பார்த்து, கிடைத்த இடத்தில் வெளிறிப்போய்த் தலை கவிழ்ந்து உட்கார்ந்தாராம்.

சோதனையில் இன்னொரு பகுதி உண்டு. நின்றுகொண்டு புத்தகம் படிக்க முடியவில்லை, இடம் தருகிறீர்களா என்று ஒரு சொத்தைக் காரணத்தைச் சேர்த்துக் கேட்டபோது 68 சரிந்து 42 ஆனது.

இதை உங்கள் அறிவிப்புப் பிரிவு தயவுசெய்து கவனிக்க வேண்டும். காரணமே சொல்லாதவனுக்கு எழுந்து நிற்கிற ஜனங்கள், சொத்தைக் காரணம் சொல்கிறவனைக் கண்டால் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொள்கிறார்கள். சிக்னல் கெட்டுப்போச்சு, வயது எண்பது தாண்டிவிட்டது, ஆள் போயிருக்கிறது, எப்போது சரியாகும் என்று தெரியவில்லை: இவ்வளவுதான் சொல்ல வேண்டும். நாங்கள் பாட்டுப் போட்டுக்கொள்வோம், யாருக்காவது பட்டமும் கொடுத்துக்கொள்வோம்.

ஆகவே என் கோரிக்கை. வாரியக் கூட்டம் நடக்கும் அறையில், தலைவர் நாற்காலிக்கு நேர் எதிரே, கறுப்பு வெள்ளைப் பட்டைப் பலகை ஒன்றை மாட்ட வேண்டும். தாமதத்துக்கு ஒரு காரணத்தை அறிவிக்கும் முன் ஒவ்வொருவரும் அதை விரலால் சுட்ட வேண்டும். பலகை நேரே தெரியாவிட்டால் வாயைத் திறக்கக்கூடாது. அறிக்கையின் கடைசிப் பெட்டி இன்னும் சுரங்கத்துக்குள் இருக்கிறது. விரல் நீட்டும் முறையை உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கக் கண்டக்டர்கள் தயாராக இருப்பார்கள். பயிற்சி நேரத்துக்கு ஓவர்டைம் உண்டு.

இதெல்லாம் ஆகிற காரியமா என்று நீங்கள் யோசிப்பது கேட்கிறது. அப்படியானால் சுருக்கமாகவே கேட்டுவிடுகிறேன். தலைவர் அவர்களே, மன்னிக்கவும், உங்கள் இருக்கையைத் தருகிறீர்களா?

காரணம் எதுவும் சொல்லப்போவதில்லை. சொன்னால் 42 ஆகிவிடும்.

இப்படிக்கு,
கதவருகே நிற்கும் பயணி,
குயின்ஸ்.