இங்கே வெயில் உண்டு, கொடி இல்லை

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை பஸ்ஸில் வரும்போது கேட்டேன். பக்கத்து சீட்டு நேபாளிக்குத் தமிழ் தெரியாததால் நம் குடும்ப மானம் தப்பியது. இந்தத் துபாயில் வாட்ஸப் கால் போகாது, அதனால் எழுதுகிறேன். காதுகுத்துப் பந்தியில் பாப்பாவின் சந்தனக் கலர் பட்டுப்பாவாடையில் கேசரி விழுந்துவிட்டது, அம்மா எலுமிச்சம்பழத்தோடு கிளம்பிவிட்டாள். நீயோ, "போட்டோவுல உன் சட்டையெல்லாம் வெள்ளை வெளேர்னு இருக்கே, அங்க என்ன பவுடர்? ரெண்டு பாக்கெட் கொடுத்து விடு" என்கிறாய்.

முதலில் அம்மா கையிலிருந்து எலுமிச்சம்பழத்தைப் பிடுங்கு. கேசரிப் பவுடரில் மஞ்சளுக்கு இருப்பது டார்ட்ரசின். 1884-ல் சீக்லர் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் கண்டுபிடித்தது. அதுவும், கூடச் சேரும் சன்செட் யெல்லோவும் அமிலச் சாய வகை. ஆட்டு ரோமத்திலும் பட்டிலும் நன்றாக ஏறும். சாயப்பட்டறையில் பட்டுக்கு இந்த வகைச் சாயம் ஏற்றும்போது அமிலம் சேர்ப்பதே அது கெட்டியாகப் பிடிக்கத்தான். பட்டுமேல் கேசரி விழுந்தது பெண் தாய்வீட்டுக்கு வந்த மாதிரி. அதில் எலுமிச்சம்பழமும் பிழிந்தால், சீரும் கொடுத்து அங்கேயே குடிவைத்ததாகிவிடும்.

பச்சைத் தண்ணீர்தான் வழி. உள்மடிப்பில் ஒரு ஓரத்தை நனைத்து, பாவாடையின் சொந்தச் சாயம் போகிறதா என்று பார். போகவில்லையென்றால், வெள்ளைத் துணியை நனைத்து வெளியிலிருந்து உள்பக்கமாக ஒற்றி எடு, தேய்க்காதே. வெந்நீர், சோப்பு சோடா, பிளீச், இஸ்திரிப்பெட்டி எதையும் கிட்டே விடாதே. சூடு பட்டால் கறை அங்கேயே தங்கிவிடும். ஏற்கெனவே காய்ந்திருந்தால் டிரை கிளீனிங்கில் கொடு. கொடுக்கும்போது கௌரவம் பார்க்காமல் "கேசரி" என்று உண்மையைச் சொல்.

இனி என் வெள்ளைச் சட்டை விஷயம். போட்டோவில் தெரிவது ரூம்மேட் போனில் இருக்கும் ஃபில்டர். நேரில் வேறு கதை. 2022 ஜனவரியிலிருந்து இங்கே அரசாங்க வார விடுமுறை வெள்ளி பாதி, சனி, ஞாயிறு என்று மாறிவிட்டது. மெஸ்காரருக்கு யாரும் சொல்லவில்லை போல, பிரியாணி இன்னும் வெள்ளிக்கிழமைதான். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் ரூமில் இருக்கும் கொல்லத்துக்காரர் தன் ஊர்ப் படகுப்போட்டியைக் கையை வீசி விளக்கியதில், சால்னாவோடு பாதிப் பொட்டலம் என் ஆபீஸ் சட்டைக்குக் குடிபெயர்ந்தது.

வைத்தியர்கள் கூடினார்கள். பெஷாவர்க்காரர் தயிர் என்றார். ஃபிலிப்பினோ நண்பர் ஜோன்ராக்ஸ் என்றார். அது அவர்கள் ஊர் பிளீச். கொல்லத்துக்காரர் அதோடு வினிகரும் ஊற்றலாம் என்றார். பிளீச்சில் வினிகர் சேர்ந்தால் குளோரின் வாயு வரும் என்று சொல்லி, ஜன்னல் இல்லாத அந்தக் குளியலறையையும் அதற்கு வெளியே வரிசையில் நின்ற அத்தனை பேரையும் காப்பாற்றினேன். அதற்கு ஒரு நன்றியும் வரவில்லை.

சட்டை பருத்தி. அதனால் பிரியாணியின் கலர்ப்பொடி பச்சைத் தண்ணீரிலேயே இறங்கிவிட்டது. மஞ்சள்தூள் மட்டும் நகரவில்லை. சோப்புப் போட்டதும் செக்கச்சிவந்து, ரூமே என்னைக் கொலைகாரனைப் போலப் பார்த்தது. மஞ்சளுக்குக் காரம் பட்டால் அப்படித்தான். அலசினால் பழையபடி மஞ்சளாகிவிடும். அதை அழிக்க வெயிலைவிட நல்ல மருந்து கிடையாது.

இங்கேதான் வேடிக்கை. நாற்பத்தைந்து டிகிரி வெயில் இலவசமாகக் கொட்டுகிற ஊரில் பால்கனியில் துணி காயப்போடக் கூடாது! நகரத்தின் அழகு கெடுமாம். துபாய் நகராட்சி 2021-ல் இதை எல்லோருக்கும் மறுபடி ஞாபகப்படுத்தியது. அபராதம் 500 திர்ஹாமிலிருந்து 1,500 வரை என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். சட்டையின் விலை 35 திர்ஹாம். நாத்தூர் என்றால் இங்கே கட்டடக் காவலாளி. எங்கள் நாத்தூருக்குக் கழுகுக் கண், கம்பியில் ஒரு கைக்குட்டை தெரிந்தாலே கீழேயிருந்து "பால்கனி மே கப்டா நஹி, பாய்!" என்று குரல் வரும். நாற்காலி முதுகில் போட்டுப் பார்த்தேன். குரல் வந்தது. தரையில் விரித்தேன். கைப்பிடிச் சுவரின் நிழல் விழுந்தது. நானே கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அது காயப்போடுவதில் சேருமா என்று நாத்தூர் யாருக்கோ போன் போட்டார்.

கடைசியில் ஒரு சட்ட ஓட்டையைக் கண்டுபிடித்தேன். கம்பியில் தொங்கினால் அது குற்றம். என்மேல் தொங்கினால் அது உடை. ஈரச் சட்டையை மாட்டிக்கொண்டு சனிக்கிழமை நடுப்பகலில் எங்கள் கராமா பகுதித் தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

எதிரே ஒரு கட்டடம் எழும்புகிறது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30-லிருந்து 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்பது இங்கே சட்டம், நல்ல சட்டம். வேலையாட்கள் நிழலில் அட்டை விரித்துப் படுத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் என்னைப் பார்த்து, "தம்பி, தலைக்கு எதுவும் ஆயிடுச்சா?" என்று தமிழிலேயே கேட்டார். பரமக்குடிக்காரர். கறைக் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "நாங்க வெயிலுக்குப் பயந்து கெடக்கோம், நீங்க தேடி வர்றீங்க" என்றார். ஊருக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறதாம். நிழலில் கொஞ்சம் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். கறை பாதிதான் போயிருந்தது, ஆனாலும் உட்கார்ந்துவிட்டேன்.

ஆகவே பவுடர் எதுவும் அனுப்பவில்லை. பதிலாக, ஊருக்கு வரும் நண்பரிடம் ஈரான் குங்குமப்பூ ஒரு டப்பா கொடுத்து விடுகிறேன். அடுத்த கேசரிக்கு அதைப் போடு. நாலு இழையைப் பாலில் ஊறவைத்துப் போட்டால் போதும். அதன் மஞ்சளும் துணியில் பிடிக்கும், பந்தியில் பாப்பாவைத் தள்ளி உட்கார வை.

இன்னொன்று. நான் அனுப்பும் பணத்தில் மொட்டைமாடி முழுக்க தகர ஷீட் போடப் போவதாக அத்தான் சொன்னார். தாராளமாகப் போடட்டும். கிழக்கு ஓரத்தில் மட்டும் ஒரு கொடி கட்டும் அளவுக்கு வெயிலுக்கு இடம் விடச் சொல். பணம் என்னுடையது என்பதால் இந்த ஒரு விஷயத்தில் என் பேச்சைக் கேளுங்கள்.

அன்புடன்,
உன் தம்பி