பழவேற்காட்டில் 'அந்தக் காலம்': அதன் இருப்பிடமும் இடப்பெயர்ச்சியும்

'அந்தக் காலம்' என்பது பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் நாள்தோறும் பலமுறை சுட்டப்படும் ஒரு காலப்பகுதி. எனினும் அது எந்த ஆண்டில் தொடங்கி எந்த ஆண்டில் முடிந்தது என்பதை எந்த வரலாற்று நூலும் தெரிவிப்பதில்லை. இறால் கூடை கூடையாக விழுந்ததும், முகத்துவாரம் ஆழமாக இருந்ததும், பெரியவர் பேச்சுக்குப் பிள்ளைகள் கட்டுப்பட்டதும், மடியில் பத்து ரூபாய் இருந்தவர் பணக்காரராகக் கருதப்பட்டதும் அதன் இயல்புகளாகச் சொல்லப்படுகின்றன. சொல்பவர் எழுபதைக் கடந்தவராயின் அக்காலம் 1970களிலும், ஐம்பதை எட்டியவராயின் 1990களிலும், இன்னும் மீசை அடராதவராயின் அண்மையில் கழிந்த ஏதோ ஒரு கோடை விடுமுறையிலும் அமைகிறது. ஒரே பெயருடைய காலம் பேசுபவரின் வயதுக்கேற்ப இடம்பெயர்வது கல்வியுலகம் கண்டுகொள்ளாமல் விட்ட சிக்கலாதலால், இக்கட்டுரை அதனை முறைப்படி எடுத்துக்கொள்கிறது. அக்காலமே சிறந்தது என்னும் கொள்கை இங்கு அக்காலவாதம் எனப்படும். அதனைக் கொண்டவர் அக்காலவாதி எனப்படுவார். படகுத்துறைத் தேநீர்க் கடைகளின் பெஞ்சுகள் இக்கொள்கையின் உயர்கல்வி நிறுவனங்கள். அவற்றில் சேர்வதற்கு நரைத்த தலை தவிர வேறு தகுதி எதுவும் கேட்கப்படுவதில்லை.

இத்துறையில் கிடைக்கும் தெளிவான கோட்பாட்டை வகுத்தவர் வூடி ஆலன் என்னும் அமெரிக்கத் திரைப்பட இயக்குநர் ஆவார். 2011இல் கான் திரைப்பட விழாவின் தொடக்கப் படமாகக் காட்டப்பட்டு, மறு ஆண்டு திரைக்கதைக்கான ஆஸ்கர் விருதையும் பெற்ற 'மிட்நைட் இன் பாரிஸ்' என்னும் காதல் நகைச்சுவைப் படத்தில், கில் என்ற ஹாலிவுட் எழுத்தாளன், நள்ளிரவு மணி அடிக்கையில் தெருமுனையில் வந்து நிற்கும் பழைய பெஜோ காரில் ஏறி, தான் ஏங்கிய 1920களின் பாரிசுக்குப் போய்ச் சேர்ந்து, ஹெமிங்வே முதலிய எழுத்தாளர்களோடு அளவளாவுகிறான். அங்கே அவன் மனத்தைக் கவரும் அட்ரியானாவுக்கோ 1920கள் சலித்துவிட்டன. அவளுடைய அக்காலம் 1890கள். இருவரும் குதிரை வண்டியேறி அங்கே போனால், துலூஸ்-லொத்ரெக், கொகேன், தெகா ஆகிய ஓவியர்கள் தங்கள் காலத்தில் சாரமில்லை என்றும், மறுமலர்ச்சிக் காலமே காலம் என்றும் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். பொற்காலம் தன்னைத் தேடி வருபவரைக் கண்டதும் ஒரு தலைமுறை பின்வாங்கும் என்ற இம்முடிவு இங்குப் பின்னகர்வு விதி எனக் குறிக்கப்படும். கில் காணும் ஒரு கெட்ட கனவில் அவன் பல் மருத்துவரிடம் போகிறான். அங்கே மரத்துப்போகச் செய்யும் ஊசி இல்லை. அக்காலவாதத்துக்கு எதிராக அறிஞர் எழுப்பிய மறுப்புகள் பலவானாலும் அவற்றுள் எதுவும் பல்வலியின் வலுவை எட்டவில்லை.

தென்னாட்டுத் திரையுலகம் இச்சிக்கலைக் கருவியின் பக்கமிருந்து அணுகியது. சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில் இளையராஜாவின் இசையோடு 1991இல் வந்த 'ஆதித்யா 369' என்னும் தெலுங்குப் படம் காதலர் இருவரைக் கால இயந்திரத்தில் ஏற்றி 1526ஆம் ஆண்டின் கிருஷ்ணதேவராயர் ஆட்சிக்கு அனுப்பியது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடப்பதாலும், அந்த ஆண்டில் பழவேற்காடு விஜயநகரப் பேரரசின் துறைமுகங்களுள் ஒன்றாக இருந்ததாலும் இப்படம் இந்த ஆய்வுக்கு அயலானதன்று. இயந்திரம் தென்கிழக்கே தள்ளி இறங்கியிருக்குமானால் காதலர் ஏரிச் சேற்றில் முழங்கால் புதைய நின்றிருப்பர். ரவிகுமார் இயக்கிய 'இன்று நேற்று நாளை' 2015இல் வெளிவந்தது. 2065இலிருந்து வந்த இயந்திரம் அதில் இரண்டு தமிழ் இளைஞர்களின் கையில் சிக்க, அவர்கள் அதனைக் கொண்டு காணாமற்போன பொருள்களுக்கு இருப்பிடம் சொல்லும் சோதிடத் தொழிலைத் தொடங்கினர். இயற்பியலின் எல்லைகளைத் தகர்த்த கருவி ஒன்று கிடைத்தவுடன் அதற்கு வாடிக்கையாளரைத் தேடும் நடைமுறை அறிவு போற்றத்தக்கதே. ஆனால் இவ்விரு படங்களிலும் ஏக்கத்துக்குப் பெரிய வேலையில்லை. அவ்வகையில் பாரிஸ் படமே பாடநூல்.

காலப்பயண நிலையம் அமைக்கப் பழவேற்காட்டைப் போலத் தகுதி வாய்ந்த இடம் அரிது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலிருந்து 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 நிலவுக்குப் புறப்பட்டது. அதே நீர்ப்பரப்பின் தென்கோடியில் 17, 18ஆம் நூற்றாண்டுகளின் டச்சுக்காரர்கள் எலும்புக்கூடு செதுக்கிய வாயிலுக்குப் பின்னே கல்லறைகளில் துயில்கின்றனர். வடக்கே எதிர்காலமும் தெற்கே இறந்தகாலமும் இவ்வாறு நிலைபெற்றிருக்க, நிகழ்காலம் இரண்டுக்கும் இடையில் எரிபொருள் செலவைக் கணக்கிட்டுக்கொண்டு ஃபைபர் படகில் போய்வருகிறது. ராக்கெட் ஏவப்படும் நாள்களில் எதிர்காலத்தின் பாதுகாப்பை முன்னிட்டு நிகழ்காலம் கடலுக்குப் போகக் கூடாது என்று அறிவிக்கப்படுவதும் உண்டு.

கருவிக்கும் குறைவில்லை. தொழுகை நேரம் அறியப் பள்ளிவாசலில் வைக்கப்பட்ட சூரியக் கடிகாரம் ஒன்று இவ்வூரில் இருக்கிறது. ஆயினும் காலப்பயணத்துக்கு நள்ளிரவு இன்றியமையாதது என்று பாரிஸ் படம் நிறுவியிருப்பதாலும், சூரியக் கடிகாரத்துக்கு நள்ளிரவு என்றால் என்னவென்றே தெரியாததாலும் அதனைப் பயன்படுத்த வழியில்லை. இடர்ப்பாடு நள்ளிரவிலேயே இருக்கிறது. பாரிசில் அது விருந்து முடிந்தவர் வழிதவறித் திரியும் நேரம். ஏரிக்கரையில் அது வலையைப் படகில் ஏற்றுவதற்கு ஆயத்தமாகும் நேரம். அவ்வேளையில் கரையில் வந்து நிற்கும் எந்த வண்டியும் மீன் ஏற்ற வந்த வண்டியாகவே கொள்ளப்படும் என்பதால், 1920ஆம் ஆண்டிலிருந்து வந்த காராயினும் அதன் பின்னிருக்கையில் ஐஸ் பெட்டி ஏறிவிடும்.

இத்தடைகள் எப்படியோ நீங்கின என்று வைத்துக்கொண்டு பின்னகர்வு விதியை இங்குச் சோதிக்கலாம். லைட்ஹவுஸ் குப்பத்து இளைஞன் ஒருவன் 1964ஆம் ஆண்டில் போய் இறங்குவதாகக் கொள்க. அது எம்.ஜி.ஆர். நடித்த 'படகோட்டி' வெளிவந்த ஆண்டு; மீனவர் வாழ்வு வண்ணத்தில் எப்படி இருக்கும் என்பதை மீனவர்கள் கொட்டகையில் காசு கொடுத்துத் தெரிந்துகொண்ட ஆண்டு. இளைஞன் அங்கே ஒரு பெண்ணிடம் மனத்தைப் பறிகொடுத்து, இறால் மிகுந்த, துறைமுகங்கள் வராத அவளுடைய காலத்தைப் புகழ்கிறான். அவளோ அப்போதுதான் ஊருக்குள் வரத் தொடங்கிய நைலான் வலையைக் காட்டி, "எங்க ஆயா காலத்துலதான் எல்லாம் ஒழுங்கா இருந்துச்சி, இப்ப எல்லாம் கெட்டுப்போச்சி" என்கிறாள். ஆயாவின் காலத்துக்குப் போனால், பருத்தி நூல் வலையை ஒவ்வொரு முறையும் கரையில் விரித்து உலர்த்தாவிட்டால் மட்கிப்போகும் என்பதும், காற்று விழுந்த நாளில் பாய் கட்டிய தோணியைக் கழி ஊன்றித் தள்ள வேண்டும் என்பதும் இளைஞனுக்குத் தெரியவருகின்றன. கில்லுக்குப் பல்வலி உணர்த்தியதை இவனுக்குத் தோள்வலி உணர்த்துகிறது.

ஆயாவும் தன் காலத்தை ஒப்புக்கொள்வதில்லையாதலால் பயணம் தொடர்கிறது. 1824இல் கையெழுத்தான ஆங்கிலேய–டச்சு உடன்படிக்கையின்படி 1825இல் பழவேற்காடு ஆங்கிலேயர் கைக்கு வந்தது. ஊர் களையிழந்தது அதற்குப் பிறகுதான் என்று வாதிடுவோர் டச்சுக் காலத்தைப் பொற்காலமாகக் கொள்வர். 1613இல் எழுந்த கெல்டிரியாக் கோட்டை சோழமண்டலக் கரையில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையிடமாக விளங்கியது. 1690இல் அத்தலைமை நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை, இக்கரையின் கட்டம் போட்ட துணிகள் தென்கிழக்காசியாவுக்குப் போய் மசாலாப் பொருள்களுக்கு ஈடாயின. வெடிமருந்தும் இங்கே தயாரிக்கப்பட்டது. சுற்றுலாக் கையேடுகள் பெரிதும் விரும்பும் அக்காலம் இதுவே. ஆனால் அதே துறையிலிருந்து, பஞ்ச ஆண்டுகளில் விலைக்கு வாங்கப்பட்ட ஆயிரக்கணக்கான மக்கள் அடிமைகளாகப் பத்தேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, ஏற்றப்பட்டனர். அவர்களுள் எவரும் அக்காலவாதியாக இருந்ததற்குச் சான்றில்லை. டச்சுக்காரர்களுக்கும் இங்கே மனம் ஒட்டியதாகத் தெரியவில்லை. மேலும் பின்னே போனால் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த போர்த்துகீசியரும், அவர்கள் காலத்ததான மகிமை மாதா ஆலயமும், அதற்கும் பின்னே விஜயநகர வணிகரும், மரக்கலங்களில் அரபு நாட்டிலிருந்து வந்ததாக ஐதிகம் கூறும் முஸ்லிம் குடும்பங்களின் முன்னோரும் வரிசையாக எதிர்ப்படுகின்றனர். இவ்வரிசையின் கடைசியில் ஏரியே இல்லாமல் கடலாக இருந்த காலம் வரும். மடவை மீன்கள் அதனைத்தான் உயர்வாக நினைக்கின்றனவா என்பது தனி ஆய்வுக்குரியது.

இதுவரை பின்னகர்வு விதி பிழையின்றி வேலை செய்திருக்கிறது. மருத்துவமும் அதற்குத் துணை நிற்கிறது. 1688இல் பாசல் பல்கலைக்கழகத்து மாணவரான யோகான்னஸ் ஹோஃபர், அயல்நாட்டிலிருந்த சுவிஸ் மக்களைப் பீடித்த ஊர் ஏக்கத்தை ஒரு நோயாகவே வகுத்து, ஊருக்கு அனுப்புவதே அதற்கு உறுதியான மருந்து என்று எழுதினார். ஒரு நூற்றாண்டு கழித்து இம்மானுவேல் கான்ட், அப்படித் திரும்பிப் போனவர்கள் அங்கே ஏமாந்து நிற்பதைக் குறிப்பிட்டார். அவர்கள் தேடியது தம் இளமையை, அது ஊரிலும் இருக்கவில்லை. பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் பேருந்து உண்டு. இருபது வயதுக்குப் பேருந்து கிடையாது. இந்த இடத்தில் கட்டுரையை முடித்துக்கொண்டு அக்காலவாதிகளை நோக்கிப் புன்னகைத்துவிட்டுப் போவது எளிது. பெரும்பாலான அறிஞர் அவ்வாறே செய்திருக்கின்றனர்.

ஆனால் மீனைப் பற்றிய அறிவியல் அதற்கு இடம் கொடுப்பதில்லை. மீன்வள அறிஞர் டேனியல் பாலி 1995இல் எழுதிய சிறு கட்டுரை ஒன்றில் 'நகரும் அடிக்கோடு' என்னும் கருத்தை முன்வைத்தார். ஒவ்வொரு தலைமுறை ஆய்வாளரும் தாம் பணியில் சேர்ந்தபோது கடலில் இருந்த மீனின் அளவையே இயல்பான அளவாகக் கொண்டு, அதிலிருந்து குறைந்ததை மட்டுமே இழப்பாகக் கணக்கிடுகின்றனர். அடுத்த தலைமுறை அந்தக் குறைந்த அளவையே இயல்பாகக் கொண்டு தொடங்குகிறது. இப்படிக் கோடு கீழே இறங்கிக்கொண்டே போக, மொத்த இழப்பு எவர் ஏட்டிலும் ஏறாமல் போய்விடுகிறது. இதனைத் திருத்தப் பழையவர்களின் கதைகளையும் சான்றாகக் கொள்ள வேண்டும் என்ற பாலி, தம் உடன் பணிபுரிந்தவரின் தாத்தாவை எடுத்துக்காட்டினார். டென்மார்க்குக்கும் சுவீடனுக்கும் இடையிலுள்ள கட்டெகாட் கடலில் கானாங்கெளுத்திக்கு வலை விரித்த அத்தாத்தா, வாங்க ஆளில்லாத பெரிய நீலத்துடுப்புச் சூரைகள் வந்து சிக்கித் தொல்லை தருவதாக எரிச்சல்பட்டாராம். அது நடந்தது 1920களில். கில் பாரிசில் ஹெமிங்வேயோடு அளவளாவிய அதே பத்தாண்டில். இன்று டோக்கியோ ஏலத்தில் அச்சூரை ஒன்றின் விலை கேட்டால் தலை சுற்றும்.

ஆகவே, பின்னகர்வு விதியையும் நகரும் அடிக்கோட்டையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தால் அக்காலவாதி பற்றிய தீர்ப்பு தலைகீழாகிறது. பாரிசின் அக்காலவாதி தன் ஏக்கத்தால் கடந்த காலத்தை மிகைப்படுத்துகிறான். பழவேற்காட்டின் அக்காலவாதி, தன் தந்தை கண்ட இறாலைத் தான் கண்டதில்லையாதலால், இழப்பைக் குறைத்தே சொல்கிறார். அவர் கூறும் எல்லாவற்றையும் ஏற்க வேண்டியதில்லை. பிள்ளைகளின் கீழ்ப்படிதலும் பத்து ரூபாயின் வலிமையும் இளமையின் கணக்கில் வைக்கப்பட வேண்டியவை. ஆனால் முகத்துவாரம் மணலால் தூர்ந்து அடைபடுவதும், அடைபட்டால் கடல்நீரோடு இறால் குஞ்சு உள்ளே வரும் வழி மறிபடுவதும், ஏரியின் சராசரி ஆழம் இன்று ஒரு மீட்டர் அளவே இருப்பதும், தெற்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் எழுந்த பிறகு கரையின் மணல் ஓட்டம் குறித்து மீனவர் அஞ்சுவதும் எவருடைய இளமையையும் சார்ந்தவை அல்ல. இவ்வளவையும் ஏக்கம் என்று பெயரிட்டுத் தள்ளுவது, வீடு எரிந்தவனிடம் மன அமைதி பற்றிப் பேசுவதாகும்.

எஞ்சுவது நிர்வாகச் சிக்கல் ஒன்றே. கால இயந்திரம் நடைமுறைக்கு வருமானால், குப்பங்களிலுள்ள அனைவரும் இறால் மிகுந்த அதே சில ஆண்டுகளுக்குப் போக விரும்புவர். இன்றைய வலைகளோடும் எஞ்சின்களோடும் போவார்களாயின் அக்காலமும் ஓரிரு பருவத்தில் இக்காலமாகிவிடும். இதற்குத் தீர்வு இங்கேயே இருக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் பட்டினவர் சமூகத்தார் கைக்கொண்டுவரும் பாடு முறை என்பது, முகத்துவாரத்தை ஒட்டிய வளமான மீன்பிடி இடங்களுக்கு ஊர்கூடிச் சீட்டுப் போட்டு, யாருக்கு எந்த இடம் எந்த நாளில் என்று முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் வழக்கமாகும். நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாது. மோசமான இடமும் அப்படியே. ஆண்டுகளையும் இவ்வாறே பகிரலாம்: ஒரு படகுக்காரருக்கு இந்த வாரம் 1970 விழுந்தால் அடுத்த வாரம் நைலானுக்கு முந்தைய ஆண்டு ஒன்று விழும், அதற்கடுத்து டச்சுக் கோட்டைக்கு எதிரே ஒரு நாள் விழும், அன்று அவர் கரையேறாமல் திரும்பிவிடுவது நல்லது.

இம்முறையிலும் ஓர் இடைவெளி உண்டு. பாடு முறையில் பெயர் எழுதப்படுவது ஆண்களுக்கே; கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு சேற்றில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கும், தலைச்சுமையாக மீன் விற்று வந்த பெண்களுக்கும் எந்த ஆண்டிலும் சீட்டு இருந்ததில்லை. எனவே, இப்பொருளில் எடுக்கப்படும் காதல் படத்தின் நாயகி, நள்ளிரவில் காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கும் நாயகனிடம் முதலில் கேட்கக்கூடியவை, போகும் ஆண்டில் ஊருக்குப் பேருந்து உண்டா, ஐஸ் கிடைக்குமா, பிரசவத்துக்கு எங்கே போக வேண்டும் என்பன. படப்பிடிப்பு தொடங்கும் முன் திரைக்கதையாசிரியர் இவற்றுக்கு விடை எழுதிவைத்துக்கொள்வது நலம். இல்லையேல் இடைவேளை வரை கார் புறப்படாது.