கோழிக்கு இரண்டே கால்

மலாக்காவின் செலண்டாரில் சனிக்கிழமை காலை வெயில் சுள்ளென்று அடிக்கும்போது, மழைச்சட்டையைக் கழுத்துவரை இழுத்து மூடிக்கொண்டு ஒரு கப்சாய் மோட்டார் சைக்கிள் கிளம்பினால் பதற வேண்டாம். அது பக்கத்து டவுனில் இருக்கும் பொரித்த கோழிக் கடைக்கு வேலைக்குப் போகும் பார்ட் டைம் தம்பி. மழைச்சட்டைக்குள்ளே சீருடை. கோப்பிக் கடை வாசலில் உட்கார்ந்திருக்கும் அங்கிள்மார் கண்ணில் அது பட்டால், "என்ன தம்பி, நமக்கு எப்ப கோழி?" என்று ஆளாளுக்கு ஆர்டர் கொடுத்துவிடுவார்கள். அதற்கு வேர்த்து ஒழுகிக்கொண்டு போவதே மேல்.

இந்தத் தம்பியைத் தேடி அலைய வேண்டியதில்லை. எஸ்.பி.எம். பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவன் ஒருவன். பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டே மோட்டார் தவணை கட்டுபவன் இன்னொருவன். எல்லாருமே "ரெண்டே மாசம் பாட்டி" என்று சொல்லிவிட்டுச் சேர்ந்தவர்கள். இரண்டு வருஷம் கழித்துக் கேட்டாலும் அதே இரண்டு மாதம்தான் ஓடிக்கொண்டிருக்கும். முழங்கையில் எண்ணெய் தெறித்த புள்ளிகள் நாலைந்து, ராத்திரி சந்துக்குள் மோட்டார் நுழைந்ததும் மோப்பம் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவரும் நாய்கள் நாலைந்து. இந்த இரண்டும் இருந்தால் ஆள் அவனேதான்.

பாட்டிக்கு இந்த வேலை பிடிபட வெகு நேரம் ஆகவில்லை. டான் சே யான் என்பவர் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டு, மலாயாவின் முதல் ரப்பர் தோட்டங்களில் ஒன்றைப் போட்டது இதே மலாக்காவில்தான். அதற்கப்புறம் இந்தப் பக்கத்துத் தமிழனுக்குப் பொழுது விடிந்ததெல்லாம் மண்டோர் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில். பாட்டியும் அப்படி விடிந்து விடிந்து மரம் சீவியவள்தான்.

"போனதும் என்னடா செய்வீங்க?"

"மேனேஜர் பிரீஃபிங் கொடுப்பாரு பாட்டி. யாரு வந்திருக்கா, யாரு வரலைன்னு பார்ப்பாரு. யாரு எங்க நிக்கணும்னு சொல்வாரு."

"பெரட்டுன்னு சொல்லு."

"அது வேற பாட்டி. இதுல தொப்பி போடணும்."

"மண்டோரும்தான் தொப்பி போட்டிருந்தான்."

அன்றைய பெரட்டின் முதல் செய்தி எம்.சி. திங்கள் முதல் வெள்ளிவரை குண்டுக்கல்லாட்டம் இருப்பவர்களுக்குச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வயிறு கலக்கிவிடும். டாக்டர் கொடுத்த சீட்டு வாட்ஸ்அப்பில் படமாக வந்து விழும். ஒன்று வந்தால் சமாளிக்கலாம். மூன்று வந்தால், கவுண்டரில் நிற்க வேண்டியவன் அடுப்படிக்கு, அடுப்படியில் நிற்க வேண்டியவன் மோப்புக்கு, மேனேஜர் சாமி கும்பிட.

முன்னெல்லாம் இவ்வளவு மோசமில்லை என்பான் தம்பி. 2014இலிருந்து ஜொகூரில் வெள்ளியும் சனியும் லீவு; மலாக்காவில் சனியும் ஞாயிறும். ஜொகூரின் தங்காக் பக்கத்துக் குடும்பங்கள் வெள்ளிக்கிழமையே வந்து ஒரு சுற்றுத் தின்றுவிட்டுப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை நம்மூர்க் கூட்டம் மட்டும்தான். 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஜொகூரும் சனி ஞாயிறுக்கு மாறிவிட்டது. மாநில அரசு என்ன காரணத்துக்கு மாற்றியதோ, தம்பியைப் பொறுத்தவரை அது இரண்டு மாநிலத்துப் பசியையும் ஒரே வரிசையில் நிறுத்துவதற்கான ஏற்பாடு.

அந்த வரிசை முழுக்கக் கேட்பது ஒன்றே ஒன்றுதான். கால்.

கே.எஃப்.சி. 1973இல் கோலாலம்பூரில் தன் முதல் மலேசியக் கடையைத் திறந்தபோது, பாட்டி வீட்டில் கோழி என்பது தீபாவளிக்கு அடிப்பது. அதில் ஒரு கால் தாத்தாவுக்கு, இன்னொன்று கடைக்குட்டிக்கு. மற்றவர்கள் கழுத்தைக் கடித்துக்கொண்டு சிவனே என்று இருந்தார்கள். இன்றைக்கு அப்படிச் சொல்லிப் பாருங்கள்! தம்பியின் கடையில் ஒரு கோழியை 9 துண்டாகப் போடுகிறார்கள். அதில் காலென்று சொல்லத்தக்கது, அந்த நாளைப் போலவே, இரண்டே இரண்டு. ஐந்து பேர் வந்து ஆளுக்கொரு கால் கேட்டால் இரண்டரைக் கோழி போக வேண்டும். மிச்சம் பதினேழரைத் துண்டை எந்த வாயில் போடுவது? இந்தக் கணக்கை வரிசையில் நிற்கும் ஒருவரும் போட்டுப் பார்ப்பதில்லை.

போதாததற்கு, பொரிக்கும் சட்டி பிரஷர் சட்டி. கோழியை மாவில் புரட்டி, உதறி, கூடையோடு இறக்கி மூடியைத் திருகிவிட்டால், நேரம் முடிந்து ஆவி இறங்கும்வரை பிரதமரே வந்தாலும் திறக்க முடியாது. டைமரில் இன்னும் ஏழு நிமிஷம் இருக்கும்போதுதான் கவுண்டரிலிருந்து "கால் எங்கே?" என்ற குரல் வரும். தம்பி டைமரைப் பார்ப்பான். டைமர் தம்பியைப் பார்க்கும். ஏழு, ஏழாகவே நிற்கும். பின்னால் டெலிவரிக்காரர்கள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், கைப்பேசியை அவன் மூக்குக்கு நேரே நீட்டிக்கொண்டு நிற்பார்கள்.

கால் தீர்ந்துவிட்டால் நெஞ்சுத் துண்டைத்தான் கொடுக்க வேண்டும். மலாயில் அதற்கு டாடா. தமிழ்நாட்டிலிருந்து சுற்றிப் பார்க்க வந்த ஒரு பெரியவரிடம், "கால் முடிஞ்சிருச்சு அங்கிள், டாடாதான்" என்று தம்பி பணிவாகச் சொல்ல, "சாப்பிட வந்தவனை வாசல்லயே டாடா சொல்லி அனுப்புறியா?" என்று அவர் கொதித்துப்போனார். மேனேஜர் வந்து தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி விளக்கினார். மனதாரச் சத்தியம் செய்கிறார் என்று நினைத்துப் பெரியவர் சமாதானமானார்.

இதனாலெல்லாம் தம்பி ஒரு தந்திரம் வைத்திருக்கிறான். கவுண்டரில் நின்றால் மலாய்தான். தமிழன் என்று தெரிந்தால் தொலைந்தான். "நம்ம புள்ளயா? எந்தத் தோட்டம்? புக்கிட் அசஹானா? உங்க தாத்தாவ தெரியுமே!" என்று ஆரம்பித்து, "பார்த்துப் போடு தம்பி, கால் பெருசா" என்று முடியும். ஆகவே நெற்றியில் திருநீறு இல்லை, சட்டையில் பெயர்ச்சீட்டைப் பாதி மறைக்கும் ஏப்ரன், வாயில் சுத்தமான மலாய். சனிக்கிழமை முழுக்க இந்த வேஷம் செல்லும்.

ஞாயிறு மதியம் ஒன்றரை மணிக்குக் கலையும். கவுண்டரிலிருந்து ஓடிப்போய்க் கூடையைத் தூக்கும்போது ஒரு சொட்டு எண்ணெய் மணிக்கட்டில் தெறிக்கும். "அய்யோ அம்மா!"

அடுப்படியில் கத்தினால் என்ன, வரிசையில் ஏழாவதாக நிற்கும் ஆன்ட்டிக்குக் காதில்லையா? "ஏங்க, நம்ம பிள்ளைங்க!" அடுத்த நிமிஷம் கவுண்டருக்கு இந்தப் பக்கம் ஓர் உறவுக் கூட்டமே கூடிவிடும். சித்தப்பா முறை இரண்டு பேர், மாமா முறை ஒருத்தர், கையில் பற்பசை தடவச் சொல்லும் அத்தை ஒருத்தி. ஆளுக்கொரு கால். புரட்டாசியில் மட்டும்தான் இந்த உறவுகளிடமிருந்து விடுதலை. அப்போதும் ஒருத்தர் வந்து, "உருளைக்கிழங்கை வேற எண்ணெயிலதானே பொரிச்சீங்க?" என்று விசாரணை வைப்பார்.

சம்பளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டுமே. 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆயிற்று. மணிக்குக் கணக்குப் போட்டால் 8 வெள்ளி 72 காசு. ஒரு மணி நேரம் நின்று பொரித்தாலும், பொரித்த செட்டைத் தானே வாங்கிச் சாப்பிடக் காசு போதாது. தம்பி இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வாங்கிச் சாப்பிடுகிற எண்ணம் அவனுக்கு வந்து வருஷமாகிறது.

ஞாயிற்றுக்கிழமை குளோசிங். எண்ணெயை வடிகட்டி, சட்டியைத் தேய்த்து, தரையை இரண்டு தடவை மோப் போட்டு, நள்ளிரவுக்கு மோட்டாரை மிதித்தால் இரண்டு பக்கமும் செம்பனை. காட்டுப்பன்றி குறுக்கே ஓடுமோ என்று பார்த்துப் பார்த்து ஓட்ட வேண்டும். தான் நாள் முழுக்கக் குளித்த எண்ணெய் இந்த மரங்களில்தான் குலை குலையாகத் தொங்குகிறது என்ற நினைப்பு வந்ததும் கொஞ்சம் வேகமாக முறுக்குவான்.

வீட்டில் பாட்டி தூங்காமல் இருப்பாள். மேசையில் மூடிவைத்த தட்டு.

"இன்னிக்குக் கோழிக் கறி. உன் தம்பி கண்ணு வச்சுக்கிட்டே இருந்தான், நான் விடலையே. கால உனக்குன்னு எடுத்து வச்சேன்."

தட்டைத் திறந்து, அந்தக் காலைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்ப்பான்.

"ரசம் இருக்கா பாட்டி?"