பூச்சியமாம் ஆண்டு

சிலாவத்துறைச் சந்தியில் நின்று "டொக்டருக்குப் படிக்கிறேன்" என்று சொன்னால் தேத்தண்ணிக்குக் காசு வாங்கமாட்டார்கள். "இஞ்சினியருக்குப் படிக்கிறேன்" என்றால் தேத்தண்ணியைத் தந்துவிட்டு, வளவில் கிணறு எந்த மூலையில் வெட்டலாம் என்று கேட்பார்கள். "உயிர்மருத்துவப் பொறியியல் படிக்கிறேன்" என்று சொன்னால் கடையில் ஒரு கணம் பேச்சு நிற்கும். பிறகு யாராவது ஒரு பெரியவர், மனம் நோகாத குரலில், "பரவாயில்லைத் தம்பி, அடுத்தமுறை எடுத்துப் பாரும்" என்பார். தேத்தண்ணிக்குக் காசு நான்தான் கொடுக்கவேண்டும்.

உயர்தரத்தில் நான் படித்தது உயிரியல். எங்கள் பக்கத்தில் உயிரியல் படிக்கிற பிள்ளைக்கு ஞாயிறு பூசை ஒரு தெய்வத்துக்கு, மிச்ச ஆறு நாளும் பல்கலைக்கழக வாசலைத் தீர்மானிக்கிற இசட் புள்ளிக்கு. பல்கலைக்கழக இடங்களில் 40 சதவீதம் தீவு முழுவதற்குமான திறமைக்கு, 55 சதவீதம் மாவட்டக் கணக்கில், மிச்ச 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மன்னார் அந்தப் பின்தங்கிய பட்டியலிலும் இருக்கிறது. ஆகவே மன்னார்ப் பிள்ளை ஒன்று மருத்துவபீடத்தைத் தவறவிட்டால், மூன்று வாசலையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் தவறவிட்டிருக்கிறது என்று பொருள். வெட்டுப்புள்ளி வந்தபோது எனக்கும் வெள்ளைக் கோட்டுக்கும் நடுவில் கிடந்தது தசமப்புள்ளிக்குப் பிறகு வருகிற கொஞ்ச இலக்கங்கள். அவற்றைப் பற்றி அம்மா இன்றைக்கும் பேசும்போது, அயலவன் இரவோடிரவாக வேலியை எங்கள் பக்கம் அரக்கிப் போட்டதைச் சொல்வதுபோல இருக்கும்.

அப்போதுதான் ஜேர்மனிச் சித்தப்பா தொலைபேசியில் வந்தார். "டொக்டரும் இஞ்சினியரும் சேர்ந்த படிப்பொண்டு இருக்கு" என்றார். அம்மாவுக்கு அந்த ஒரு வசனம் போதுமாக இருந்தது. ஒரு பிள்ளையைப் படிக்கவைத்து இரண்டு பிள்ளைக்குரிய பெருமை.

இந்தப் படிப்பு இலங்கையிலேயே இருக்கிறது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில், இலத்திரனியல், தொலைத்தொடர்புப் பொறியியல் துறையின் கூரைக்குக் கீழே. ஆனால் அந்த வாசலில் இணைந்த கணிதம் என்ற மிக்கேல் சம்மனசு வாளோடு நிற்கிறார். கிட்டத்தில் இருக்கிறதே என்று கிளிநொச்சி அறிவியல் நகர் பொறியியல் பீடத்தை எட்டிப் பார்த்தால் அங்கேயும் அதே சம்மனசு, அதே வாள். தவளையின் குடலை வரையத் தெரிந்தவனுக்கு உள்ளே அனுமதி இல்லை.

எங்களைப் போன்றவர்களுக்காகத்தான் ஆங்கிலேயர்கள் ஃபவுண்டேசன் ஆண்டு என்ற ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். உயிரியல் படித்தவனுக்கு வகையீடும் தொகையீடும் சொல்லிக்கொடுப்பார்கள். கணிதம் படித்தவனுக்கு ஈரல் எந்தப் பக்கம் என்று காட்டுவார்கள். ஒரு வருடம் முடிய இரண்டு பேரும் சமமாகக் குழம்பியிருப்பார்கள். அதன்பிறகு பட்டப்படிப்பு தொடங்கும். கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் படிப்பு, பட்டம் இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தினுடையது. அந்த முதல் வருடத்தை அவர்கள் ஒன்றாம் ஆண்டு என்று எண்ணுவதில்லை. அது பூச்சியமாம் ஆண்டு.

அப்பா அரிப்பில் கடற்தொழில் செய்கிறவர். மீன் வியாபாரி நிறுவையில் கழிக்கிற கழிவுக்கே வரிந்துகட்டிக்கொண்டு நிற்கிற மனிதர். முழுசாக ஒரு வருடத்தையே கழிக்கிற வெள்ளைக்காரனை அவர் சும்மா விடுவாரா?

"அப்ப அந்த வருசத்துக்குக் காசு?"

"கட்டவேணும் அப்பா."

"வருசம் பூச்சியம். காசு பூச்சியமில்லை."

"அது அத்திவாரம் மாதிரி அப்பா."

"அத்திவாரத்துக்கே இவ்வளவெண்டால் கூரைக்கு என்னடா செய்யிறது?"

இடம்பெயர்ந்து திரும்பிவந்து, கட்டங்கட்டமாய் வந்த வீட்டுத்திட்டக் காசில் வீடு கட்டிய ஊர் எங்களது. அத்திவாரத்தோடு நின்றுபோன வீடுகளைப் பற்றி அப்பாவுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. கடைசியில் அம்மம்மாவின் பதக்கச் சங்கிலி அடைவுக்குப் போனது. அம்மம்மாவிடம், கொக்கி உடைந்துவிட்டது, திருத்தக் கொடுத்திருக்கிறோம் என்று சொல்லியாயிற்று. அவவுக்குக் காது சரியாகக் கேட்காது என்பதால் அதைக்கூட மூன்று தரம் கத்திச் சொல்லவேண்டியிருந்தது. பொய்யை இவ்வளவு சத்தமாகச் சொன்ன குடும்பம் எங்கள் முசலிப் பிரதேசத்தில் வேறு இருக்காது.

வகுப்பில் முதலில் படித்தது இதயம். உயிரியல்காரனுக்கு இதயம் என்றால் நான்கு அறை, வால்வு, படம், பெயரிடுக. இங்கே அது ஒரு பம்பி. அமுக்கம், பாய்ச்சல், தடை; ஓய்வாக இருக்கிற ஆள் ஒருவரின் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லீற்றர் இரத்தம் அடிக்கிறது. லீவில் வந்து இதை அப்பாவிடம் சொன்னேன். எழுபது வருடம் நிற்காமல் ஓடுகிற எஞ்சின் என்றதும் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒயில் மாத்திறதில்லையோ?" என்றார். இதயம் தாளம் தப்பினால் என்ன செய்வார்கள் என்று அவரே அடுத்துக் கேட்டார். பேஸ்மேக்கரைப் பற்றி விளக்கினேன். "உதைத்தானே நான் பிளக்கைப் பார் எண்டு சொல்லுறனான்" என்று எழும்பிப் போய்விட்டார். என் விரிவுரையாளருக்கு அதை விளங்கப்படுத்தப் பல சிலைடுகள் தேவைப்பட்டிருந்தன.

அப்பா சொன்னதில் பெரிய பிழை இல்லை என்பதுதான் இந்தத் துறையின் அழகு. சுவர் மின்சாரத்தில் செருகி ஓட்டுகிற பேஸ்மேக்கர்தான் முதலில் அமெரிக்க ஆசுப்பத்திரிகளில் இருந்தது. வயர் சுவரில், நோயாளி வயரில். 1957 ஒக்டோபர் 31ஆம் திகதி மினியாபொலிஸில் மின்சாரம் நின்றது. ஒரு குழந்தை இறந்தது. வால்டன் லில்லஹை என்ற சத்திரசிகிச்சை நிபுணர், ஆசுப்பத்திரிக் கருவிகளைத் திருத்த வருகிற ஏர்ல் பேக்கனைக் கூப்பிட்டு, பற்றரியில் ஓடக்கூடியதாக ஒன்று செய்துதா என்றார். பேக்கன் 1949இல் தன் மச்சானோடு சேர்ந்து ஒரு கராஜுக்குள் திருத்தக் கடை போட்டவர். சங்கீதக்காரர் தாளம் பிடிக்க வைத்திருக்கும் மெட்ரோனோம் பெட்டிக்கான சுற்று ஒன்று இலத்திரனியல் சஞ்சிகையில் வந்திருந்தது ஞாபகம் வர, அதைத் தழுவி நாலு கிழமைக்குள் செய்துகொடுத்தார். அந்தக் கராஜ்தான் இன்றைக்கு மெட்ரோனிக் என்ற பெரும் நிறுவனம். வேறு ஊர்களில் இந்தக் கதையைச் சொன்னால் வியப்பார்கள். தொண்ணூறுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட சனத்திடம் சொன்னால், "மச்சான்மாரோட கடை போட்டும் உருப்பட்டிருக்கிறாங்களே" என்று அதற்குத்தான் வியக்கிறார்கள்.

ஈசிஜி கதை இன்னும் எங்களுக்குக் கிட்ட. நெதர்லாந்தின் வில்லெம் ஐன்தோவன் செய்த முதல் கருவி ஏறத்தாழ 270 கிலோ பாரம். நோயாளி இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீர் வாளிகளுக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கவேண்டும். 1924இல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். கைகாலை உப்புத் தண்ணிக்குள் வைத்திருப்பதற்கு நோபல் பரிசு என்றால் எங்கள் அரிப்புக் கரை முழுவதற்கும் கொடுத்துத் தீராது.

கரை என்றதும் ஞாபகம் வருகிறது. நாங்கள் அல்லிராணிக் கோட்டை என்று சொல்கிற இடிபாடு, பாதி கடலுக்குள் விழுந்து கிடப்பது, தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யக் கட்டிய மாளிகை. அந்நாளில் குளியாளி கல்லில் காலை வைத்து இறங்கி, ஒரு நிமிடமளவு மூச்சடக்கிச் சிப்பி அள்ளுவான். அவன் இரத்தத்தில் ஒட்சிசன் எவ்வளவு என்று யாரும் அளக்கவில்லை. அதற்குப் பதிலாகக் கரையில் கடல்கட்டி என்றொருவர் சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்லிக்கொண்டிருப்பார். அவருக்கு ஆங்கில அரசாங்கமே கூலி கொடுத்தது. கருவியில்லாத உயிர்ப்பாதுகாப்புத் துறை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஃபாயேல் டுபுவா என்ற பிரெஞ்சுக்காரர், சிப்பியைக் கொல்லாமலே உள்ளே முத்து இருக்கிறதா என்று எக்ஸ்ரே பிடித்துப் பார்க்கலாம் என்று சொல்ல, இலங்கைச் சிப்பியிலும் அதைச் செய்து பார்த்தார்கள். எங்கள் பக்கத்துக் கடலில் எக்ஸ்ரேக்கு வரிசையில் நின்ற முன்னோடிகள் சிப்பிகள். மூச்சை அடக்கச் சொல்லவேண்டிய அவசியமும் இருந்திருக்காது.

இதையெல்லாம் சொன்னால் ஊர் தலையாட்டும். ஆனால் ஊருக்கு வேண்டியது சரித்திரம் இல்லை. பூச்சியமாம் ஆண்டு முடிந்து லீவில் வந்து இறங்கியபோது விறாந்தையில் ஆட்கள் காத்திருந்தார்கள். ஒருவரிடம் பிரஷர் பார்க்கிற மெசின். இன்னொருவரிடம் சீனி பார்க்கிற மெசின். மகளின் நெபுலைசரோடு ஒரு அக்கா. கோயிலில் இருந்து ஆளனுப்பிய ஃபாதருக்கோ அம்பிளிஃபயர். திருநாள் வருகிறது, மைக் இரைகிறதாம். நான் இன்னும் முதலாம் ஆண்டுக்கே போகவில்லை என்று விளக்கினேன். "அதுக்கென்ன, உடைஞ்சதும் இன்னும் முழுசா உடையேல்லை" என்றார் பிரஷர் மெசின்காரர். அவருடைய கைப்பட்டியில் காற்றுக்குழாய் வெடித்திருந்தது. சைக்கிள் கடைப் பையன் ஒட்டிக் கொடுத்தான். சீனி மெசினுக்குப் பற்றரி. நெபுலைசருக்கு அடைத்துப்போன வடி. பக்கத்து வீட்டு அன்ரி முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "டொக்டருமில்லை, இஞ்சினியருமில்லை, அப்ப நேர்ஸோ?" என்றா.

கடைசியாக அம்மம்மா. ஒரு முகாமில் இலவசமாகக் கொடுத்த காதுக் கருவி அவவிடம் இருந்தது, வேலைசெய்ததில்லை. பழுது கருவியில் இல்லை. அதற்குள் போடுகிற பொத்தான் அளவு பற்றரி துத்தநாகமும் காற்றும் சேர்ந்து ஓடுவது. முதுகில் ஒரு செம்மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதை உரித்தால் நுண்ணிய துளைகளால் காற்று உள்ளே போய் மின்சாரம் பிறக்கும். உரித்த நேரத்திலிருந்து அதன் ஆயுள் குறையத் தொடங்கிவிடும். அம்மம்மா கருவி கிடைத்த அன்றே கார்டில் இருந்த அத்தனை பற்றரிக்கும் ஸ்டிக்கரை உரித்து, வடிவாகத் துடைத்து, செபமாலைப் பெட்டிக்குள் வைத்திருந்தா. மன்னாரிலிருந்து புதுக் கார்ட் எடுப்பித்து, ஒன்றை மட்டும் உரித்து, கொஞ்சம் காற்றுப்பட வைத்துவிட்டுப் போட்டேன்.

அம்மம்மாவின் முகம் மாறியது. கோழி கேட்டது. கிணற்றுக் கப்பி கேட்டது. விறாந்தையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அப்பாகூட என்னைப் பார்த்தார், பூச்சியத்துக்குக் கட்டிய காசு முழுவதும் வீண் இல்லை என்கிற பார்வை.

உள்ளே குசினியில் நின்ற சின்னமாமிக்கு இந்த மருத்துவ முன்னேற்றத்தை யாரும் அறிவித்திருக்கவில்லை. வழக்கமான குரலில் அம்மாவிடம் கேட்டா: "அக்கா, கிழவின்ர சங்கிலி அடைவால எப்ப எடுக்கப்போறியள்? வட்டியும் ஏறுதெல்லே?"

அம்மம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. காதுக் கருவியைத் தொட்டுச் சரிசெய்துகொண்டா. பிறகு என்னைக் கிட்டக் கூப்பிட்டு, சாந்தமாகக் கேட்டா:

"திருத்தத்தானேடா உன்னைப் படிக்க விட்டது? அந்தக் கொக்கியை நீயே திருத்தியிருக்கலாமே?"