இரு இணைப்பு இல்லங்களில் பெயர் கேட்கும் மரபு: ஓர் ஆய்வு

இரண்டு இணைய இணைப்புகள் வைத்திருக்கும் குடும்பங்கள், ஒன்று அறுந்தால் மற்றொன்று கைகொடுக்கும் என்ற நம்பிக்கையில் மாதந்தோறும் இரட்டைக் கட்டணம் செலுத்துகின்றன. ஆயினும் தெருவில் இறங்கிய பொக்லைன் ஃபைபரை அறுத்துவிடும் நாளில், 4ஜி டாங்கிளில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே, “நெட் இல்லை” என்ற குரல் எல்லா அறைகளிலிருந்தும் எழுகிறது. விளக்கும் பொய் சொல்வதில்லை, வீட்டாரும் பொய் சொல்வதில்லை.

இம்முரண்பாட்டின் வேர் டிஎன்எஸ்ஸில், அதாவது தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியைத் தரும் ஏற்பாட்டில், உள்ளது. எல்லாக் கணினிகளின் பெயர்களையும் ஒரே கோப்பில் எழுதி ஒரே இடத்தில் பராமரிப்பது இனி இயலாது என்ற நிலையில்தான் பால் மொக்கபெட்ரிஸ் 1983இல் இதனை வகுத்தார். ஒரே இடத்தை நம்பியிருத்தல் ஆகாது என்று பிறந்த முறையை வீட்டு ரூட்டர் மீண்டும் ஒரே இடத்தில் கொண்டுபோய்க் கட்டுகிறது: முதல் நிறுவனம் தந்த டிஎன்எஸ் சர்வரையே அது பல வீடுகளில் எப்போதும் கேட்கிறது. அந்த சர்வரோ, ஒரு காலத்தில் வேறு வட்டத்துக் குடும்ப அட்டையைக் கண்ட ரேஷன் கடைக்காரரைப் போல, அடுத்த நிறுவனத்தின் வழியாக வரும் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் தருவதில்லை. தாக்குதலுக்குப் பயன்படுத்தப்படாதிருக்க அவ்வாறு பூட்டி வைப்பது முறையே ஆகும்.

இரு நிறுவனங்களின் சர்வர்களையும் வரிசையாக எழுதிவைத்தால் போதும் என்பது ஒரு சாராரின் கொள்கை. லினக்ஸில் வழக்கமான அமைப்பு மூன்று சர்வர்கள் வரை ஏற்கும். முதலாவதைக் கேட்டு ஐந்து நொடி காத்திருந்து, பிறகே இரண்டாவதை அணுகும். அடுத்த பெயருக்கு, சற்றுமுன் பட்டதை முற்றிலும் மறந்து, மீண்டும் முதலாவதிடமே செல்லும். ஒரு செய்திப் பக்கம் திறக்கப் பல பெயர்கள் தேவைப்படுவதால், இந்த ஐந்து நொடிகள் பெருகிக்கொண்டே போக, குடும்பத்தின் மூத்த உறுப்பினர் ரூட்டரை அணைத்துப் போட்டு ஆய்வுக்குரிய சான்றுகள் அனைத்தையும் அழித்துவிடுகிறார்.

எவ்வழியில் கேட்டாலும் விடை தரும் பொது சர்வர்களை நாடுவோர் மற்றொரு சாரார். 2009இல் வந்த 8.8.8.8, 2018இல் வந்த 1.1.1.1 ஆகியவற்றில் ஒவ்வொன்றை எடுத்துக்கொள்வதே அறிவுடைமை, 8.8.8.8, 8.8.4.4 இரண்டையும் எழுதிவிட்டு நிம்மதியாக உறங்குவோர் ஒரே நிறுவனத்தை இருமுறை நம்புகின்றனர். (மைக்ரோசாஃப்ட் நிறுவனமே தன் டிஎன்எஸ் சர்வர்களை ஒரே வலைப்பின்னலில் வைத்து 2001 ஜனவரியில் அவதியுற்றது என்பதால், வீட்டாரைப் பெரிதும் பழிக்க இயலாது.) இதிலும் ஒரு பொறி உண்டு. முதல் இணைப்பு உயிருடன் உள்ளதா என்று பார்க்க 8.8.8.8ஐ அந்த இணைப்போடு பிணைத்து வைத்திருந்தால், இணைப்பு சாகும்போது அந்த முகவரியும் வீட்டாருக்குச் செத்துவிடுகிறது. சோதனைக்கு வேறொரு முகவரியை ஒதுக்கி, ரூட்டரில் டிஎன்எஸ்மாஸ்க் போன்ற மென்பொருளை நிறுவி, எல்லா சர்வர்களையும் ஒரே நேரத்தில் கேட்டு முதலில் வரும் விடையை ஏற்கச் செய்வதே இவ்வாய்வு பரிந்துரைக்கும் வழி.

அமைத்ததைச் சோதிக்க ரூட்டரில் செருகிய கேபிளைப் பிடுங்குவது பயனற்றது. ரூட்டர் அதை உடனே உணர்ந்துவிடும், மெய்யான பழுதிலோ அந்தக் கேபிள் நலமாகவே இருக்கும். ஃபைபர் மோடத்துக்கு வெளியிலிருந்து வரும் இழையையே கழற்ற வேண்டும். அதற்கு உகந்த நேரம் எது என்பதில் வீட்டாரிடையே இன்னும் கருத்தொற்றுமை ஏற்படவில்லை.