எட்டு மணிக்கு ஜெபம், எட்டேகாலுக்குப் பாடம்

கிறிஸ்தவ வீடுகளில் பிள்ளைகளுக்கு விசுவாசப் போதனையே இல்லை என்று கன்வென்ஷன் மேடைகளில் கண்ணீர் விடுகிறார்கள். அபாண்டம்! திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து நம் வீடுகளைப்போலக் கருத்தாய்ப் பாடம் நடத்தும் இறையியல் கல்லூரி எங்கேயும் இல்லை. பாடம் வேறு, அவ்வளவுதான்.

சாக்சனி நாட்டுச் சபைகளைச் சுற்றிப் பார்த்த மார்ட்டின் லூத்தர், சனங்களுக்குக் கர்த்தருடைய ஜெபம்கூடத் தெரியவில்லையே என்று நொந்துபோய் 1529-இல் சிறிய ஞானோபதேசத்தை எழுதினார். குடும்பத் தலைவன் தன் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது என்று பகுதிக்குப் பகுதி தலைப்பும் போட்டார். 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்க் அதைத் தமிழில் தந்தார். இத்தனை பேர் பாடுபட்டது எதற்கு? நம் குடும்பத் தலைவர் இரவு எட்டு மணிக்கு டிவியின் சத்தத்தை மட்டும் குறைத்துவிட்டு, "சீக்கிரம் வாங்கல, சங்கீதம் சின்னதாப் பாத்து எடு" என்று கூப்பிடுவதற்கு.

குடும்ப ஜெபத்தைக் கண்ணைத் திறந்துகொண்டு கேட்க வேண்டும். "ஆண்டவரே, இந்த வீட்டில் போனும் கையுமாய் அலைகிற பிள்ளைக்குக் கீழ்ப்படிதலைத் தாரும்" என்று அப்பா தொடங்குவார். அடுத்தது அம்மா. "முன்கோபத்தை மாற்றும் தகப்பனே, மாமியார் பேச்சைக் கேட்டு ஆடுகிறவர்களை நீரே உணர்த்தும்." நேருக்கு நேர் பேசப் பயந்ததையெல்லாம் கர்த்தர் வழியாகத் தபால் போடுகிறார்கள். நடுவில் முழங்காலில் நிற்கிற பிள்ளைக்கு, வீட்டுச் சண்டையில் இரண்டு கட்சியும் வக்காலத்துக்குக் கூப்பிடுகிற ஆள்தான் கடவுள் என்று புரிந்துவிடுகிறது. ஆமென்.

ஞாயிறு மதியம் மேல்படிப்பு. கறிக்குழம்பை ஊற்றிக்கொண்டே சபை ஐயரின் பிரசங்கத்தை எலும்பு எலும்பாய்க் கழற்றுவது, திருமண்டலத் தேர்தலில் எந்த அணிக்கு எத்தனை ஓட்டு என்று கணக்குப் போடுவது, அதை எதிர்த்துப் போட்ட கேஸ் எந்தக் கோர்ட்டில் நிற்கிறது என்று விசாரிப்பது. பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் கர்த்தருக்கு ஒரு வருஷம் லீவு. ஞாயிறு காலையில் டியூஷன். ஆனால் பரீட்சைக்கு முந்தின நாள் பேனாவையும் ஹால்டிக்கெட்டையும் ஐயர் கையில் கொடுத்து ஜெபிக்க வைக்க மறக்கமாட்டார்கள். மார்க் வந்தால் ஸ்தோத்திர காணிக்கை, வராவிட்டால் 'ஆண்டவருடைய சித்தம்'. அந்தச் சித்தத்தின் பெயரில் பிள்ளைக்கு விழுகிற அடி தனிக்கணக்கு.

இதெல்லாம் சில்லறைப் பாடம். முதன்மைப் பாடத்துக்குப் புத்தகமும் இல்லை, பரீட்சையும் இல்லை. பிள்ளை புதுச் சிநேகிதனை வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று, அவன் வாசல் தாண்டிப் போனதும், குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி: "அவுக நம்ம ஆளுகதானா?" ஆயிரம் ஓய்வுநாள் பள்ளி வகுப்பையும் அந்த ஒரு கேள்வி அழித்துவிடும். வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோவிலில் சாதிக்கொரு பக்கமாய்ப் பிரித்து வைத்திருந்த தடுப்பை 1910-இல் இடித்தார்கள். கோவில் தடுப்பை இடிக்க ஒரு குருவானவர் துணிந்தார். சாப்பாட்டு மேசையில் எழும்புகிற தடுப்பை எந்த ஐயர் வந்து இடிப்பார்? அவர் மகனுக்குப் பெண் தேடுகிற விளம்பரத்தையும் பாருங்களேன்: இரட்சிக்கப்பட்டிருக்க வேண்டும், அபிஷேகம் பெற்றிருக்க வேண்டும், இன்ன சாதியாக இருக்க வேண்டும். பரிசுத்த ஆவிக்கே சாதிச் சான்றிதழ் கேட்கிற துணிச்சல்! சீதனம் பற்றிக் கேட்டால், "நாங்க ஒண்ணும் கேக்க மாட்டோம், உங்க பிள்ளைக்கு நீங்க போடுறதப் போடுங்க." எத்தனை பவுன் என்பது மட்டும் ஜெபத்தோடு முடிவாகும்.

இந்தப் பாடத்தில் ஒரு பையன் தேறாமல் போய்விட்டான் என்று வையுங்கள். சின்ன வயதில் 'யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை' என்கிற கலாத்தியர் 3:28-ஐத் தப்பில்லாமல் ஒப்பித்து டிபன் பாக்ஸ் பரிசு வாங்கினவன். மேடைக்குக் கீழே நின்று அப்பாவும் போட்டோ எடுத்தார். வளர்ந்து வேலைக்குப் போனவன், அதே சபையில் ஞானஸ்நானம் பெற்று, அதே பாத்திரத்தில் நற்கருணை வாங்குகிற, ஆனால் 'நம்ம ஆளுக' இல்லாத ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொல்கிறான். அன்றிரவு வீட்டில் குடும்ப ஜெபம் இல்லை. மறுநாள் விடியுமுன்னே அப்பா ஐயர் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்:

"சண்டே கிளாஸ்ல பிள்ளைகளுக்கு என்னத்தய்யா சொல்லிக் குடுக்கீய?"